தலை நரைத்த பையன்கள்

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அயர்லாந்தின் தென்பகுதிக் கிராமங்களில் ஒரு காலத்தில் அன்றைக்குப் பூசைக்குப் போகும் கல்யாணமாகாத ஆண், முன்னால் பார்த்து நடந்தால் போதாது. முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோயில் வழியில் சிறுவர்கள் சாக்குக்கட்டியோடு காத்திருப்பார்கள். அசந்த நேரத்தில் கோட்டின் முதுகில் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். அவனும் அது தெரியாமல் பூசை முழுக்க முழங்காலில் நிற்பான். பின்வரிசைக்கு அன்று பிரசங்கம் காதில் ஏறியிருக்காது. அந்த நாளுக்கே 'சாக்குக்கட்டி ஞாயிறு' என்று பெயர்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் அப்போது கல்யாணம் கிடையாது. ஆகவே அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய சில வாரங்கள்தான் அவர்களுக்கு முகூர்த்த காலம். அதற்குள் சம்பந்தம் அமையாதவன் இன்னொரு வருடம் ஓட்ட வேண்டியதுதான். சில பக்கங்களில் அப்படித் தங்கிவிட்டவர்கள் மேல் உப்பைத் தூவும் வழக்கமும் இருந்திருக்கிறது, அடுத்த வருடம் வரை கெட்டுப்போகாமல் இருக்க. மாங்காய்க்குச் செய்வதை மாப்பிள்ளைக்கும் செய்திருக்கிறார்கள்.

கெர்ரி, கார்க் மாவட்டங்களில் இதற்கும் ஒருபடி மேலே போனார்கள். கெர்ரிக்கு அப்பால் கடலில் செங்குத்தாக நிற்கிறது ஸ்கெல்லிக் பாறைத் தீவு. அங்கிருந்த துறவிகள் பழைய ஈஸ்டர் கணக்கையே பிடித்துக்கொண்டிருந்ததால் அங்கே தவக்காலம் தாமதமாகத் தொடங்கும் என்று ஒரு நம்பிக்கை. அப்படியானால் இங்கே தவறவிட்டவர்கள் அங்கே போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாமே! ஊரில் மிச்சமிருக்கும் ஆண்களையும் பெண்களையும் பொருத்தமே பார்க்காமல் ஜோடி சேர்த்து, இன்னார் இன்னாரோடு ஸ்கெல்லிக்குப் படகேறுகிறார் என்று பாட்டுக் கட்டிச் சுற்றுக்கு விட்டார்கள். சில இடங்களில் அச்சடித்தே விற்றார்கள். எழுதியவர் பெயர் இருக்காது. யாரென்று ஊருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இந்தச் சடங்குகளில் எனக்குச் சுவையாகப் படுவது, இவற்றில் வயது வரம்பே இல்லை என்பது. இருபத்திரண்டு வயதுக்காரன் முதுகிலும் கோடு, ஐம்பத்திரண்டு வயதுக்காரர் முதுகிலும் அதே கோடு.

*

1930-களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மானிடவியலாளர்கள் இருவர், கான்ராட் ஆரன்ஸ்பெர்க்கும் சோலன் கிம்பலும், மேற்குக் கரையில் கிளேர் மாவட்டத்துக் குடியானவர்களோடு பழகி எழுதினார்கள். அவர்கள் குறித்துவைத்த ஒரு விஷயம்: நாற்பத்தைந்து, ஐம்பது வயதானவரும், தலை நரைத்தவரும், அப்பா உயிரோடு இருந்து நிலத்தை எழுதித் தராதவரை ஊர்க் கணக்கில் 'பையன்'தான். உழுவது அவர், புல் அறுப்பது அவர், பசு கன்று ஈனும் இரவில் தொழுவத்தில் விழித்திருப்பது அவர். விலை பேசுவது மட்டும் அப்பா.

மாட்டுச் சந்தையை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். அப்போதெல்லாம் சந்தை சிறுநகரத்துத் தெருவிலேயே நடக்கும். மகன் விடியுமுன் எழுந்து மாட்டை ஓட்டி வந்து, கையில் கம்போடு அதன் பக்கத்தில் நிற்கிறார். வியாபாரி வந்து ஒரு விலை சொல்கிறான். அப்பா காதில் விழாத மாதிரி வானத்தைப் பார்க்கிறார். வியாபாரி போகிறான், திரும்பி வருகிறான், மறுபடி போகிறான். இதற்குள் தரகன் ஒருவன் புகுந்து இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்துச் சேர்க்கப் பார்க்கிறான். வித்தியாசத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று கத்துகிறான். கடைசியில் உள்ளங்கையில் எச்சில் துப்பி, எதிர்க்கையில் ஓங்கி ஒரு அறை. பேரம் படிந்தது. விற்றவர் 'அதிர்ஷ்டக் காசு' என்று ஒரு சிறு தொகையை வாங்கியவருக்குத் திருப்பித் தருகிறார். மீதி அப்பாவின் உள்பைக்குள் போகிறது. மகன் இத்தனை நேரமும் வாய் திறக்கவில்லை, மாடும் அப்படியே. புகையிலைக்குக் காசு வேண்டுமானால் சாயங்காலம் அப்பாவின் முகம் பார்த்துக் கேட்க வேண்டும்.

அப்பா மனம் இறங்கிய பிறகே பெண் பார்க்கும் பேச்சு. பெண்ணின் அப்பா நிலத்தைச் சுற்றிப் பார்க்க வருவார். அதற்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். மேய்ச்சலில் தலை எண்ணிக்கை குறைந்தால் பக்கத்து வீட்டு மாட்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி நிறுத்திய கதைகளும் உண்டு. நிலத்தின் மதிப்பைப் பார்த்துச் சீதனத் தொகை முடிவாகும். அந்தப் பணமும் மாப்பிள்ளை கையில் தங்காது; தங்கையின் சீதனமாகவோ தம்பியின் அமெரிக்கக் கப்பல் கட்டணமாகவோ வாசல் தாண்டிவிடும். பிறகு வக்கீலிடம் போய்ப் பத்திரம் எழுதுவார்கள். பெரியவர்கள் குடியிருக்க இடம், அவர்களுடைய ஒரு பசுவுக்கு மேய்ச்சல், இவ்வளவு உருளைக்கிழங்கு என்று அதில் வரி வரியாக இருக்கும். கிழவரும் கிழவியும் அடுப்படிக்கு அப்பால் உள்ள மேற்கு அறைக்குப் போவார்கள். நேற்றுவரை பையனாக இருந்தவர் இன்று ஆள். நேற்றுவரை ஆளாக இருந்தவர் இன்று கிழவர். அப்பாக்கள் ஏன் இழுத்தடித்தார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

1926 கணக்கெடுப்பின்படி 25 முதல் 30 வயதுக்குள் இருந்த ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கல்யாணமாகாதவர்கள். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு நிலத்தைத் துண்டு போடாமல் ஒரு மகனுக்கே விடுவது நிலைபெற்றுவிட்டது. மற்ற பிள்ளைகள் கப்பலேறலாம், குருமடத்தில் சேரலாம், போலீஸில் சேரலாம். எப்படியோ சீக்கிரம் ஆளாகிவிடுவார்கள். நிலம் கிடைக்கப்போகும் அதிர்ஷ்டசாலி மட்டும் வீட்டிலேயே இருந்து காத்திருக்க வேண்டும். அயர்லாந்துக் கிராமத்து இளைஞனைப் பற்றிய சிரிப்புக் கதைகளில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பில் விளைந்தவை என்று எனக்குப் படுகிறது. மீசை முளைத்து, நரைத்து, இன்னும் அம்மாவிடம் சட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பவனை வைத்துக்கொண்டு வேறு எந்த வகைக் கதை எழுதுவது?

*

இந்த வாசிப்புக்குள் நான் வந்த வழி கொஞ்சம் சுற்று. ஈழத்துத் திறனாய்வாளர் கைலாசபதி பர்மிங்ஹாமில் முனைவர் பட்டத்துக்குச் சங்க வீரப்பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு வைத்து ஆராய்ந்தபோது அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஜார்ஜ் தாம்சன். ஆய்வு 1968-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. தாம்சனை மார்க்சிய அறிஞராக, கிரேக்கப் பேராசிரியராகத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். வாய்மொழிப் பாட்டு ஒரு சமூகத்தில் எப்படிப் புழங்கும் என்பதை அவர் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டது ஓர் அயர்லாந்துத் தீவில். கெர்ரிக்கு மேற்கே கிரேட் பிளாஸ்கெட். மின்சாரம் இல்லை, பாதிரியார் இல்லை, கடை இல்லை. இருநூறு பேர்கூட இல்லாத ஊர். 1923-ல், இருபது வயதில், ஐரிஷ் மொழி கற்க அங்கே போய் இறங்கினார்.

அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் மோரிஸ் ஓ'சலிவன், பத்தொன்பது வயது. கைக்குழந்தையிலேயே தாயை இழந்து, கரையில் டிங்கிள் ஊரில் ஆங்கிலம் பேசி வளர்ந்து, ஏழு வயதுவாக்கில் தீவுக்குத் திரும்பி வந்த பிறகே ஐரிஷ் கற்றவர். அந்த மொழியின் மிக உற்சாகமான தன்வரலாறு அவர் கையிலிருந்து வந்தது. பள்ளிக்கு மட்டம் போடுவது, முயல் வேட்டை, பாறையில் கடற்பறவைகளைத் தேடிப் போவது, வென்ட்ரி படகுப் பந்தயத்தன்று பெரியவர்கள் மாதிரி போர்ட்டர் பீர் குடித்துவிட்டு அவதிப்படுவது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓடிக்கொண்டே சொல்கிறார். கூடவே ஒரு தாத்தா. பேரனைத் திட்டுவதற்கும் ரசிப்பதற்கும் நடுவே நின்றுகொண்டிருக்கும் ஆள். தாத்தாவும் பேரனும் வருகிற பக்கங்கள்தான் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை.

தீவில் இந்தப் பேரனுக்கு நிலமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. கூட்டாளிகள் எல்லோரும் அமெரிக்காவுக்குப் போகிறார்கள், அவனும் போகவிருந்தான். தாம்சன் பேசித் தடுத்து, டப்ளினில், புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் போலீஸில் சேர வைத்தார். 1927-ல் தீவுப் பையன் ரயிலேறித் தலைநகரத்துக்குப் போகும் பகுதியைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அது நகரத்தான் பட்டிக்காட்டானைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இல்லை. பட்டிக்காட்டான் தன்னையும் நகரத்தையும் ஒன்றாக நிறுத்திச் சிரிக்கிறான். புத்தகம் 1933-ல் வந்தது. அதே ஆண்டு ஆங்கிலத்திலும், இ.எம். ஃபார்ஸ்டர் முன்னுரையோடு. கைலாசபதி பிறந்ததும் 1933. இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். எனக்குத் தேதிகளைக் கோத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு.

ஓ'சலிவன் 1950-ல் கானமாராக் கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார். 1953-ல் தீவைக் காலி செய்தார்கள்.

*

அதே தீவின் மூத்த எழுத்தாளர் தோமாஸ் ஓ'க்ரோஹன். மீனவர். 1929-ல் வந்த தன்வரலாற்றில் தன் கல்யாணத்தைச் சொல்கிறார். பக்கத்துச் சிறு தீவில் ஒரு பெண் மேல் அவருக்கு மனம். ஒரு இரவு அக்கா வந்து உட்கார்ந்தாள். நடுக்கடலில் இருக்கும் குடும்பத்தில் சம்பந்தம் வைத்தால் ஆபத்து அவசரத்துக்கு யார் வருவார்கள், இங்கேயே இன்னார் மகள் இருக்கிறாளே என்று பேசினாள். பேச்சு முடிந்தது, கல்யாணமும் முடிந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை ஒரு பாட்டுப் பாடினார். காதலில் ஏமாந்த பாட்டு. இரண்டு பத்தியில் சொல்லிவிட்டு மீன்பிடிக்குப் போய்விடுகிறார் மனிதர். நம் நாவலாசிரியர்கள் இதற்கு இருநூறு பக்கம் எடுத்துக்கொள்வார்கள்.

*

இந்தத் தீவுப் புத்தகங்கள் புதிய நாட்டின் தேசிய மறைநூல்கள் ஆயின. 1936-ல் பெக் சேயர்ஸ் என்ற தீவுப் பாட்டியின் தன்வரலாறு. துயரத்துக்கு மேல் துயரம். அதைப் பள்ளியில் பாடமாக வைத்து, தலைமுறை தலைமுறையாகப் பதின்வயதுப் பிள்ளைகளின் சாபத்தை அந்தப் பாட்டிக்கு வாங்கிக் கொடுத்தார்கள். பாவம், அவர் நல்ல கதைசொல்லி; நேரில் கேட்டவர்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்ததாக எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பக்திக்கு 1941-ல் ஒருவர் ஊசி வைத்தார். பகலில் டப்ளினில் அரசு அதிகாரி, மற்ற நேரம் எழுத்தாளர். ஆங்கிலத்தில் ஃப்ளான் ஓ'பிரையன், பத்திரிகையில் மைல்ஸ் நா கோப்பலீன், சம்பளப் பட்டியலில் பிரையன் ஓ'நோலன். ஐரிஷிலேயே 'ஆன் பேல் போக்ட்' என்று ஒரு குறுநாவல் எழுதினார். எப்போதும் மழை, எப்போதும் உருளைக்கிழங்கு, வீட்டுக்குள் பன்றி. நாயகன் பள்ளிக்குப் போன முதல் நாள் ஆசிரியர் பெயர் கேட்கிறார். பையன் அப்பன், பாட்டன், பாட்டி என்று வம்சாவளியோடு தன் பெயரை ஒப்பிக்கிறான். ஆசிரியர் படகுத் துடுப்பால் மண்டையில் ஒரு போடு போட்டு, உன் பெயர் ஜாம்ஸ் ஓ'டானல் என்கிறார். அடுத்த பையன், அதற்கடுத்தவன், எல்லோருக்கும் அதே துடுப்பு, அதே பெயர். 

உதவித்தொகை அத்தியாயம் இன்னும் பிரமாதம். ஐரிஷ் பேசும் பிள்ளைகளுக்குத் தலைக்கு இரண்டு பவுன் தரும் அரசுத் திட்டம் ஒன்று நிஜமாகவே இருந்தது. மைல்ஸ் அதைத் திருப்பிப் போட்டு, கதையில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குத் தொகை என்கிறார். வீட்டில் பிள்ளைகள் போதவில்லை. தாத்தா பன்றிக்குட்டிகளுக்குச் சட்டை மாட்டி இருட்டில் உட்காரவைக்கிறார். கணக்கெடுக்க வந்த அதிகாரி உள்ளேயிருந்து வரும் உறுமலைக் கேட்டுத் திருப்தியோடு எழுதிக்கொண்டு போகிறார்.

கடைசியில் நாயகனுக்கு 29 வருடச் சிறைத்தண்டனை. உள்ளே போகும் வழியில், 29 வருடத் தண்டனை முடிந்து வெளியே வரும் ஒரு கிழவரைச் சந்திக்கிறான். பெயர் கேட்டால் ஜாம்ஸ் ஓ'டானல். அவனுடைய அப்பா. கிளேர் மாவட்டத்துப் பத்திரம் எழுதும் நாளை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரைந்ததில்லை.

*

உதிரியாகச் சில.

அந்தக் காலத்தில் உறுதிபூசுதலின்போது ஆயர் பையனின் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார்; இனி நீ கிறிஸ்துவின் போர்வீரன், எதையும் தாங்க வேண்டும் என்று அர்த்தம். ஆயருக்குக் கை கனம் என்று முன்னதாகவே பெரிய பையன்கள் பயங்காட்டி வைத்திருப்பார்கள். அதே நாளில் வயது வரும்வரை மதுவைத் தொடமாட்டேன் என்று சபதமும் எடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் எடுக்கிற சபதம்.

கேலிக் விளையாட்டுச் சங்கம் 1971 வரை தன் உறுப்பினர்கள் கால்பந்தையோ ரக்பியையோ ஆடக் கூடாது, பார்க்கவும் கூடாது என்று விதி வைத்திருந்தது. உளவு பார்க்கவே குழுக்கள் இருந்தன. 1938-ல் நாட்டின் முதல் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் போலந்துக்கு எதிரான கால்பந்து ஆட்டத்துக்குப் போனார். ஐரிஷ் மொழி இயக்கத்தையே கட்டி எழுப்பிய மனிதர் அவர். சங்கத்தின் புரவலர் பதவியிலிருந்து அவரைத் தூக்கிவிட்டார்கள். ஜனாதிபதிக்கே இதுதான் கதி என்றால் கிராமத்துப் பையன் எந்த மூலைக்கு?

நடனக்கூடங்கள். 1935 சட்டத்துக்குப் பிறகு நடனம் நடத்த நீதிமன்ற உரிமம் வேண்டும். 1950, 60-களில் இசைக்குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றின. பின்னாளில் பிரதமரான ஆல்பர்ட் ரெனால்ட்ஸும் அவர் அண்ணனும் கிளவுட்லேண்ட், ட்ரீம்லேண்ட், ஃபேரிலேண்ட் என்று கூடங்கள் கட்டிப் பணம் பார்த்தார்கள். மேகலோகம், கனவுலோகம், தேவதைலோகம் என்று பெயர். உள்ளே கிடைத்தது எலுமிச்சை சோடா. ஆண்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச்சுவரோரம். நடுவில் இருக்கும் தரையைக் கடப்பதுதான் அந்தத் தலைமுறையின் சாகசம். கடந்து போய்க் கேட்டு, அவள் தலையாட்டி மறுத்துவிட்டால், அத்தனை பேர் பார்க்க அதே தரையைத் திரும்பக் கடக்க வேண்டும். தவக்காலத்தில் கூடங்கள் மூடியிருக்கும். இசைக்குழுக்கள் இங்கிலாந்துக்குப் போய்விடும், அங்கே வேலைக்குப் போயிருக்கும் அதே பையன்களுக்கு வாசிக்க.

1979-ல் ஓட்டுநர் தேர்வுக்குக் காத்திருப்போர் வரிசை எல்லை மீறிப் போனது. அரசு யோசித்தது. இரண்டாவது தற்காலிக உரிமத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தேர்வே இல்லாமல் முழு உரிமம் கொடுத்துவிட்டது. அயர்லாந்தில் காத்திருந்தவனுக்குக் காத்திருந்ததற்காகவே ஒன்று கிடைத்தது, நான் படித்தவரை, அந்த ஒரு முறைதான்.

இளம் விவசாயிகளுக்காக 1944-ல் தொடங்கிய மாக்ரா நா ஃபெர்மே என்ற சங்கம் இன்றும் நடக்கிறது. இளைஞர் என்பதற்கு அவர்கள் நெடுங்காலம் வைத்திருந்த மேல்வரம்பு 35. தாராள மனசு என்று நினைத்தேன், 2020 வேளாண் கணக்கெடுப்பைப் பார்க்கும்வரை. பண்ணை உரிமையாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 65 வயதை எட்டியவர். மேற்கு அறைக்குப் போக இப்போதும் யாருக்கும் அவசரமில்லை.

*

ஓ'சலிவன் பிறந்த அதே 1904-ல், நாட்டின் மறுகோடியில், மோனஹன் மாவட்டம் இனிஸ்கீனில் பிறந்தவர் பாட்ரிக் காவனா. அப்பா செருப்புத் தைப்பவர், கொஞ்சம் நிலமும் உண்டு. பதின்மூன்று வயதோடு படிப்பு சரி. அப்பாவின் தொழில் கைக்கு வரவில்லை. உழவும் அரைகுறை, கலப்பையைப் பிடித்துக்கொண்டே கவிதை யோசிப்பவனின் உழவுசால் எப்படி இருக்கும்? ஊர்க் கேலிக் கால்பந்துக் குழுவுக்கு கோல்கீப்பர். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கோலை விட்டுவிட்டு ஏதோ வாங்கித் தின்னப் போய்விட்டார் என்று ஒரு கதை அவரைப் பற்றி உலவுகிறது. உண்மையோ பொய்யோ, அவரைப் படித்தவர்கள் நம்பத் தயாராக இருப்பார்கள்.

1931-ல், இருபத்தேழு வயதில், டப்ளினுக்கு நடந்தே போனார். எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஏ.இ. என்ற பெயரில் எழுதிய ஜார்ஜ் ரஸ்ஸலைப் பார்க்க. அவர்தான் காவனாவின் கவிதைகளை முதலில் மதித்துப் பத்திரிகையில் போட்டவர். ஊரிலிருந்து ரயில் உண்டு. ஆனால் உழவுக் கவிஞன் ரயிலில் வந்து இறங்கினால் நன்றாகவா இருக்கும்? ரஸ்ஸல் அவருக்கு தஸ்தயேவ்ஸ்கி, ஹ்யூகோ, விட்மன், எமர்சன் என்று புத்தகங்களை அள்ளிக் கொடுத்தார்.

(ரஸ்ஸல் தியோசாபிக்காரர். அவர் வட்டத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கஸின்ஸும் மனைவி மார்கரெட்டும் 1915-ல் சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டார்கள். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் மார்கரெட்டும் ஒருவர். அவர் பிறந்த ஊர் ராஸ்காமன் மாவட்டத்து பாயில். கிரிஸ் ஓ'டவுட் என்ற நடிகருக்கும் சொந்த ஊர் அதுவே. தன் சிறுவயதை வைத்து 2012 முதல் 2015 வரை அவர் எடுத்த 'மூன் பாய்' தொடர், 1980-களின் கடைசியில் அந்த ஊரில் மூன்று அக்காக்களிடம் மாட்டிக்கொண்ட ஒரு பையனைப் பற்றியது. அவனுக்கு ஒரு கற்பனைத் தோழன். அந்தத் தோழனாக நடிப்பது ஓ'டவுட்டே. வளர்ந்தவன் தன் சிறுபிராயத்துக்குப் பக்கத்தில் நின்று தப்பான யோசனைகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.)

காவனாவுக்குத் திரும்புவோம். 1938-ல் லண்டனில் அவருடைய தன்வரலாறு 'பச்சை முட்டாள்' வந்தது. முப்பதைத் தாண்டிய வயதில் எழுதிய இளமைக் கதை. படிக்கப் படிக்கச் சிரிப்பு. அதில் டப்ளின் போன அனுபவம் வருகிறது. ஆலிவர் கோகர்ட்டி என்ற புகழ்பெற்ற மருத்துவர்-கவிஞரின் வீட்டுக் கதவைத் தட்டியதாகவும், திறந்த பணிப்பெண்ணை அவருடைய மனைவியோ வைப்போ என்று நினைத்துக்கொண்டதாகவும் ஒரு வரி. கோகர்ட்டி அவதூறு வழக்குப் போட்டார். அவரே அதற்கு முந்தைய வருடம் தன் புத்தகம் ஒன்றுக்காக அவதூறு வழக்கில் தோற்று 900 பவுன் இழந்தவர். பட்டுத் தெளிந்தவர், பாடத்தை அடுத்தவருக்கு நடத்திவிட்டார். நூறு பவுன் தீர்ப்பானது, புத்தகம் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பெரிய இடத்து மனிதர்களைப் பார்த்துச் சிரிக்க அனுமதி வேண்டும் என்று இனிஸ்கீனில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பின்னாளில் காவனா அந்தப் புத்தகத்தையே வெறுத்தார். மேடையில் கோமாளி ஐரிஷ்காரன் ஆடும் பொய் என்றார். இங்கிலாந்து வாசகன் எதிர்பார்க்கும் அப்பாவிக் குடியானவனாகத் தன்னை ஆக்கிக்கொண்டது அவருக்கு உறுத்தியது. 1942-ல் 'பெரும்பசி' என்ற நெடுங்கவிதை எழுதினார். அதில் சிரிப்பு மருந்துக்குத்தான். பாட்ரிக் மெகுவயர் என்ற விவசாயி. அம்மா நிலத்தையும் மகனையும் பிடித்த பிடியில் வைத்திருக்கிறாள். அவள் 91 வயதில் சாகும்போது மகனுக்கு 65. கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, நிலம் மட்டும் மிச்சம். கவிதையின் பகுதி பத்திரிகையில் வந்ததும் போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு, 1948-ல், அதே சரக்கை எடுத்து 'டாரி ஃப்ளின்' நாவலை எழுதினார். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் ஊருக்கு விற்ற சிரிப்பு. பிறகு சிரிப்பே இல்லாத உண்மை. அதையும் தாண்டி வந்த சிரிப்பு மூன்றாவது. முதல் சிரிப்பும் மூன்றாவது சிரிப்பும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும். பக்கத்தில் போனால் தெரியும், மூன்றாவதில் யாரும் யாருக்கும் வேடிக்கை காட்டவில்லை.

டாரி முப்பதை நெருங்கும் விவசாயி. அப்பா இல்லை. கணக்குப்படி அவன் ஆளாகியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் அம்மா இருக்கிறாள். மூன்று பெண்களைக் கரைசேர்க்க வேண்டும், பக்கத்து நிலம் ஏலத்துக்கு வருகிறது, அதை அடுத்தவன் வாங்குவதற்குள் வாங்க வேண்டும், கடவுளுக்கும் கோபம் வரக் கூடாது. இவ்வளவையும் ஒரு தலைக்குள் வைத்துக்கொண்டு, பூசைக்கு நேரமாகிவிட்டது என்று மகனை எழுப்புகிறாள். அவனோ வயலோரத்துக் களைச் செடியின் பூவைப் பார்த்து மெய்மறந்து நிற்பவன். மேரி ரைலி என்ற பெண் மேல் ஆசை; அவளிடம் பேச வேண்டிய நேரத்தில் வாயில் வருவது வேறு ஏதோ. நண்பன் யூசேபியஸ் தோளில் கை போட்டுக்கொண்டே இவன் வேலிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு வரலாம் என்று அளந்துகொண்டிருப்பான். ஊரில் ஒழுக்கம் கெட்டுப்போனது என்று ரெடம்ப்டரிஸ்ட் சபைப் பிரசங்கிகளை வரவழைத்து நடத்தும் தியானப் பகுதி, மதத்தைப் பற்றி எழுதப்பட்ட நல்ல நகைச்சுவைகளில் ஒன்று. தணிக்கைக் குழு சிறிது காலம் நாவலைத் தடைசெய்து வைத்தது. அவர்களும் அந்தப் பகுதியைப் படித்திருப்பார்கள்.

அம்மாவைக் கொடுமைக்காரியாக எழுதிவிடுவது சுலபம். 'பெரும்பசி'யில் ஏறத்தாழ அப்படித்தான் செய்தார். டாரியின் அம்மா வேறு மாதிரி. அவள் பேசப் பேச அவள் பக்கம் நியாயம் கூடிக்கொண்டே போகிறது. மகன் மேல் அவளுக்குள்ள பாசமும் நிலத்தின் மேல் உள்ள பாசமும் எங்கே பிரிகின்றன என்று அவளுக்கே தெரியாது. ஊர்சுற்றி மாமா ஒருவர் வந்து, வா போகலாம் என்று கூப்பிட்டதும் டாரி போய்விடுகிறான். அத்தனை கஷ்டப்பட்டு வாங்கிய நிலமும் அம்மாவும் பின்னால் நிற்க.

காவனாவும் 1939-ல் டப்ளினுக்கே குடிபெயர்ந்துவிட்டார். தன் நாவலைத் தானே புகழ்வதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. அயர்லாந்துக் கிராம வாழ்க்கையை உள்ளபடி சொன்ன புத்தகம் தன்னுடையது ஒன்றே என்பது அவர் கட்சி. துன்பியல் என்பது முழுதாகப் பிறக்காத நகைச்சுவை என்றும் பிற்காலத்தில் கருதினார். சொல்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது: வறுமை, இன்னொரு அவதூறு வழக்கு, அதில் தோல்வி, 1955-ல் புற்றுநோய்க்காக நுரையீரல் அறுவை.

அவருக்குக் கல்யாணம் நடந்தது 1967 ஏப்ரலில், 62 வயதில். அந்த நவம்பரில் இறந்துபோனார். மணமகள் கேத்தரின் மலோனி, கெவின் பாரியின் அக்கா மகள். கெவின் பாரியை அயர்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மருத்துவ மாணவன், சுதந்திரப் போரில் 1920 நவம்பர் 1 அன்று மவுண்ட்ஜாய் சிறையில் பிரிட்டிஷார் தூக்கிலிட்டபோது அவனுக்கு வயது 18.